குதிரைக்குச் சட்டையும் குருட்டுப் பெட்டியும்

(‘முழு விலை கொடுத்து வாங்கிய வீடியோ கேமுக்குள் மறுபடியும் காசு கேட்டுப் பெட்டி விற்பது வியாபாரமே! சூதாட்டமே!’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘சூதாட்டமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவரின் உரை.)

பெருமதிப்புக்குரிய நடுவர் அய்யா அவர்களே! எனக்கு முன்னாலே பேசி முடித்துவிட்டு, பேசின சூடு தணியாமல் ரெண்டாவது டம்ளர் தண்ணி குடிச்சிக்கிட்டிருக்கிற எதிரணித் தம்பி அவர்களே! (சிரிப்பு) எங்கள் அணித் தலைவர் அவர்களே! அரங்கம் நிறைய வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, தலையைக் குனிஞ்சு போனைப் பார்த்துக்கிட்டே கை தட்டுகிற பிள்ளைகளே!

தம்பி ரொம்ப அழகாப் பேசினார். ‘கடையிலே பொருள் இருக்கு. வேணும்னா வாங்கு, வேண்டாம்னா போ. யாரும் உன் கழுத்திலே கத்தி வைக்கலியே’ன்னு கேட்டார். அடுக்குமொழி அருவியா கொட்டிச்சு. எனக்கு அடுக்குமொழி வராதுங்க. நான் கணக்கு டீச்சர். கூட்டல் கழித்தல்தான் வரும். அதனால கணக்கையே போடறேன்.

முதல்ல, இந்த வீடியோ கேம் சமாசாரமே தெரியாத பெரியவங்களுக்கு விஷயத்தைச் சொல்லிடணும். எங்க மாமியார் முன் வரிசையிலே உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும். (சிரிப்பு)

ஒரு ஓட்டலுக்குப் போறீங்க. ‘முழுச் சாப்பாடு’ன்னு போர்டு. காசு கட்டி டோக்கன் வாங்கியாச்சு. உட்கார்ந்தீங்க, இலை போட்டாச்சு, சாதம் வந்தாச்சு. சாம்பார் கேட்டா, ‘அதுக்குத் தனியா 20 ரூபாய்’ங்கறான். சரி, வயிறெரிஞ்சாலும் பரவாயில்லை, சாம்பார்னு சொன்னான், சாம்பார் ஊத்தினான். ஆனா அப்பளம் கேட்கிறீங்க பாருங்க, அங்கேதான் வேடிக்கை. ஒரு மூடின பொட்டலத்தைக் காட்டறான். ‘50 ரூபாய் கொடுங்க. உள்ளே அப்பளம் இருந்தாலும் இருக்கும். ஊறுகாய் இருந்தாலும் இருக்கும். வெறும் உப்பு இருந்தாலும் இருக்கும். உங்க அதிர்ஷ்டம்!’ பிரிச்சீங்க, உப்பு! இன்னொண்ணு பிரிச்சீங்க, மறுபடியும் உப்பு! எதிர் இலைக்காரர் 30 பொட்டலம் வாங்கினார், அவர் இலையிலே மூணு பாயசம். உங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேற சிரிக்கிறார். (சிரிப்பு, கைதட்டல்)

சாம்பாருக்குத் தனிக் காசு வாங்கினானே, அதுக்குப் பேர் மைக்ரோ டிரான்ஸாக்‌ஷன். மூடின பொட்டலம் கொடுத்தானே, அதுக்குப் பேர் லூட் பாக்ஸ். அத்தை, புரிஞ்சுதா? தலை ஆட்டிட்டாங்க. வீட்டுக்குப் போனா எனக்கு எவ்வளவு திட்டு விழும்னு தெரியலை. இப்ப தைரியமா மேலே போறேன்.

இது எங்கே ஆரம்பிச்சுது? ஓசியிலே கிடைக்கிற விளையாட்டிலே காசு கேட்கிறது வேற கதை, அதை நான் தொடவே போறதில்லை. முழு விலை கொடுத்து வாங்கின விளையாட்டைத்தான் பேசறேன். 2006-ஆம் வருஷம் ஏப்ரல் மாசம். அமெரிக்காவிலே பெதஸ்டான்னு ஒரு நிறுவனம். ‘ஆப்ளிவியன்’னு ஒரு விளையாட்டு. ராஜா காலத்துக் கதை, வாள், குதிரை எல்லாம் இருக்கும். அதிலே நீங்க ஓட்டுற குதிரைக்கு ஒரு கவசம், இரண்டரை டாலர்னு வித்தாங்க. உலகமே சிரிச்சுது! ‘ஏன்யா, ஏற்கனவே காசு கொடுத்துக் குதிரையோட சேர்த்துத்தானே வாங்கினோம். இப்ப குதிரைக்குச் சட்டை தைக்கக் காசு கேட்கிறியே’ன்னு கிண்டல் பண்ணினாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்தக் குதிரைச் சட்டை ஒரு கேலிப் பேச்சா நிக்குது.

ஆனா நடுவர் அய்யா, நான் அந்தக் குதிரைச் சட்டையைக் குறை சொல்ல மாட்டேன். தம்பி ஆச்சரியமாப் பார்க்கிறார். ஏன்னா அது நேர்மையான வியாபாரம்! இதுதான் பொருள், இதுதான் விலை. பிடிச்சா வாங்கு. ரெண்டரை டாலர் கொடுத்தவனுக்குக் கவசம்தான் வந்தது, கழுதை வரலை. (சிரிப்பு) ‘வியாபாரமே’ன்னு பேசற எதிரணிக்கு அந்தக் குதிரையை நான் தானமாவே கொடுத்துடறேன். கட்டிக்கிட்டுப் போகட்டும்.

நடுவர்: குதிரையைக் கொடுத்துட்டு அம்மா கடிவாளத்தைத் தன்கிட்ட வச்சிக்கிட்டாங்க!

(கைதட்டல்)

என் சண்டை அந்த மூடின பொட்டலத்தோடதான். அது 2017-லே உச்சத்துக்குப் போச்சு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்னு ஒரு பெரிய கம்பெனி. ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ன்னு விளையாட்டு. விலை 60 டாலர். ஸ்டார் வார்ஸ்னா யாரு? கறுப்பு முகமூடி போட்ட டார்த் வேடர், எதிர்த்து நிக்கிற லூக் ஸ்கைவாக்கர். கர்ணன் இல்லாத மகாபாரதம் மாதிரிதான் இவங்க இல்லாத ஸ்டார் வார்ஸ். 60 டாலர் கொடுத்து வாங்கிட்டு வந்து திறந்தா, டார்த் வேடர் பூட்டிக் கிடக்கிறார்! சாவி வேணும்னா 60,000 புள்ளி சேர்க்கணும். ஆட்டக்காரங்க கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. ஒரே ஒரு வீரரைத் திறக்க ஏறத்தாழ 40 மணி நேரம் ஆடணும். 40 மணி நேரம்னா, ஒரு மனுஷன் ஆபீசிலே ஒரு வாரம் பார்க்கிற வேலை!

அதோட நின்னாங்களா? சண்டையிலே உங்க பலத்தைக் கூட்டற சீட்டுகள் இருக்கு. அந்தச் சீட்டுகள் மூடின பெட்டிக்குள்ளே. பெட்டியை ஆடிச் சேர்த்த புள்ளியிலேயும் வாங்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். அப்ப என்ன ஆகும்? திறமை இருக்கிறவன் தோப்பான், பர்ஸ் இருக்கிறவன் ஜெயிப்பான். எதிர் இலையிலே மூணு பாயசம்!

ஜனங்க கொதிச்சுப் போனாங்க. கம்பெனி என்ன பதில் சொல்லிச்சு தெரியுமா? கஷ்டப்பட்டு வீரரைத் திறந்தாதான் ஆட்டக்காரருக்குப் பெருமையும் சாதிச்ச உணர்ச்சியும் வரும்ங்கிற அர்த்தத்திலே ரெடிட்டிலே எழுதினாங்க. அந்த ஒரு பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேலே எதிர்ப்பு ஓட்டு விழுந்தது. அதிக எதிர்ப்பு வாங்கின பதில்னு கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிடுச்சு! (கைதட்டல்) 60,000-ஐ 15,000-ஆக் குறைச்சாங்க. அப்பவும் அடங்கலை. நவம்பர் 17 விளையாட்டு வெளிவரணும். 16-ஆம் தேதி ராத்திரி, காசுக்கு விக்கிற கடையை மொத்தமா இழுத்து மூடினாங்க. 2018 ஏப்ரல்லே கடையைத் திறந்தப்போ, உடையலங்காரம் மாதிரி விஷயங்களை மட்டும்தான் காசுக்கு வித்தாங்க. எதிரணிக்கு ஒரு கேள்வி. அது சுத்தமான வியாபாரமா இருந்தா, விடிஞ்சா கல்யாணம்ங்கிறப்போ முன்னாள் ராத்திரி பந்தலைப் பிரிப்பாங்களா?

தம்பி ஒரு நியாயம் சொன்னார். ‘ஒரு விளையாட்டைத் தயாரிக்க நூற்றுக்கணக்கான பேர் வருஷக்கணக்கா உழைக்கிறாங்க. செலவு ஏறிப் போச்சு. ஆனா 60 டாலர் விலை பதினைஞ்சு வருஷமா ஏறவேயில்லை. அவங்க எங்கே போவாங்க?’ உருக்கமாத்தான் இருந்தது. எனக்கே பர்ஸைத் திறக்கணும் போல இருந்தது. (சிரிப்பு) சரி, 2020-லே விலையை 70 டாலராக் கூட்டினாங்களே, பெட்டி போச்சா? முதல்லே 70 டாலர்னு அறிவிச்ச பெரிய விளையாட்டுகள்லே ஒண்ணு ‘என்.பி.ஏ. 2கே21’ங்கிற கூடைப்பந்து விளையாட்டு. அதுக்குள்ளேயும் காசுக்கடை இருந்தது. விலையும் ஏறிச்சு, உண்டியலும் ஏறிச்சு.

அதே வரிசையிலே அதுக்கு முந்தின வருஷத்து விளையாட்டு, 2019-லே வந்தது. அதுக்கு ஒரு விளம்பரப் படம் போட்டாங்க. அதிலே சக்கரம் சுத்துது. சூதாட்ட விடுதியிலே இருக்கிற மாதிரி கைப்பிடி மெஷின் உருளுது. சீட்டுக் கட்டு பிரியுது. ஐரோப்பாவிலே அந்த விளையாட்டுக்கு என்ன வயசுச் சான்றிதழ்? மூணு! மூணு வயசுக் குழந்தைக்கு ஏற்றதுன்னு! எல்.கே.ஜி.யிலே சேர்க்கிறதுக்கு முன்னாடியே சூதாட்ட விடுதியிலே சேர்த்துட்டாங்க. (சிரிப்பு, கைதட்டல்)

செலவு கட்டுபடியாகலைங்கறாங்களே, இதையும் கேளுங்க. அதே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதே ஸ்டார் வார்ஸ், 2019 நவம்பர்லே ‘ஜெடை ஃபாலன் ஆர்டர்’னு ஒரு விளையாட்டு விட்டாங்க. பெட்டி கிடையாது, உள்ளே கடை கிடையாது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவங்க ஆடினாங்க. நஷ்டப்பட்டுத் துண்டு போட்டுக்கிட்டா போனாங்க? அதே பேட்டையிலே ரெண்டாம் பாகமும் எடுத்து விட்டாங்க. 2023-லே ‘பால்டர்ஸ் கேட் 3’. உள்ளே சல்லிக்காசு கேட்காத விளையாட்டு. அந்த வருஷத்தின் சிறந்த விளையாட்டுன்னு விருது வாங்கிச்சு. ஆக, காசு போதலைங்கிறது காரணம் இல்லை. வேற காரணம் இருக்கு. அதைக் கணக்கிலே சொல்றேன்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் விளையாட்டுப் பந்தய ஆட்டங்கள்லே ‘அல்டிமேட் டீம்’னு ஒரு பகுதி வச்சிருக்காங்க. பெரிய கால்பந்து வீரர்கள் எல்லாம் சீட்டா இருப்பாங்க. சீட்டுகள் பொட்டலத்துக்குள்ளே. 2009-லே ஃபிஃபா விளையாட்டிலே ஆரம்பிச்சாங்க. 2021 மார்ச்சோட முடிஞ்ச கணக்கு வருஷத்திலே இந்தப் பகுதியிலே மட்டும் வந்த வருமானம் 162 கோடி டாலர். கம்பெனியோட மொத்த வருமானத்திலே 29 சதவீதம்! இது நான் சொல்ற கணக்கு இல்லை, அவங்களே பங்குதாரர்களுக்குக் கொடுத்த கணக்கு. இலை போட்ட சாப்பாட்டை விட, மூடின பொட்டலம் இப்படி விக்கும்னா, எந்த ஓட்டல்காரன் சாம்பாரைப் பத்திக் கவலைப்படுவான்?

அதுலே இன்னொண்ணு. வருஷா வருஷம் புது விளையாட்டு வரும். போன வருஷம் காசு கொட்டிச் சேர்த்த சீட்டு இந்த வருஷ விளையாட்டிலே செல்லாது. மறுபடி முதல்லேருந்து. கல்யாணச் சீர் வருஷா வருஷம் செய்யற மாதிரி!

இப்ப என் பாடத்துக்கு வரேன். அவங்க பெட்டி மேலேயே சாத்தியம் எவ்வளவுன்னு போடறாங்களேன்னு தம்பி சொன்னார். சும்மா போடலீங்க. சீன அரசாங்கம் 2017 மே மாசத்திலேருந்து போட்டாகணும்னு உத்தரவு போட்டுது. மத்த இடத்திலே மெல்ல மெல்லப் பின்னாலே வந்தது. போட்டதைப் படிச்சுப் பாருங்க. பெரிய வீரர் கிடைக்கிற வாய்ப்பு ‘1 சதவீதத்துக்கும் குறைவு’ன்னு இருக்கும். எவ்வளவு குறைவு? அது சொல்ல மாட்டாங்க. சரி, தாராளமா முழு 1 சதவீதம்னே வச்சிக்குவோம். என் வகுப்பிலே இந்தக் கேள்வியைக் கேட்டேன்: ‘1 சதவீதம்னா, நூறு பெட்டி திறந்தா கிடைச்சிடுமா?’ வகுப்பே ‘கிடைச்சிடும் மிஸ்’னு கத்திச்சு. முதல் மார்க் வாங்கற பிள்ளையும் சேர்ந்து.

கிடைக்காதுங்க! நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தா, ஏறத்தாழ 37 பேருக்கு ஒண்ணுகூட வராது. 0.99-ஐ 0.99-ஆலே நூறு தடவை பெருக்கிப் பாருங்க, தெரியும். அந்த 37 பேரும் என்ன நினைப்பாங்க? ‘நூறு திறந்தாச்சு, இனிமே வந்துதானே ஆகணும், இப்ப விட்டா நஷ்டம்’னு நினைப்பாங்க. பெட்டிக்கு ஞாபகம் கிடையாதுங்க! நூத்தி ஒண்ணாவது பெட்டிக்கு நீங்க நூறு பெட்டி திறந்தது தெரியாது. பத்து நிமிஷத்திலே நான் கரும்பலகையிலே நிரூபிச்சுக் காட்டிடுவேன். ஆனா ராத்திரி ஒரு மணிக்குப் பளபளன்னு பெட்டி மின்னறப்போ எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை ஞாபகம் வரும்?

நான் சொல்றது மனசு சம்பந்தப்பட்டது. ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர். புறாவைக் கூண்டிலே விட்டார். ஒரு பொத்தானைக் கொத்தினா தானியம் விழும். ஒவ்வொரு தடவையும் விழுந்தா, பசிக்கிறப்போ கொத்தும், வயிறு நிறைஞ்சா போயிடும். அப்புறம் மாத்தினார். சில சமயம் மூணாவது கொத்துக்கு விழும், சில சமயம் முப்பதாவது கொத்துக்கு. எப்ப விழும்னு புறாவுக்குத் தெரியாது. அவ்வளவுதான், புறா ஓயாம கொத்த ஆரம்பிச்சிடுச்சு. தானியத்தை நிறுத்தினாலும் ரொம்ப நேரம் கொத்திக்கிட்டே இருந்தது. சூதாட்ட மெஷின் இப்படித்தான் வேலை செய்யுதுன்னு அவரே சொன்னார். ‘யாரும் கழுத்திலே கத்தி வைக்கலை’ன்னு சொன்னீங்களே தம்பி, புறாவோட கழுத்திலே யார் கத்தி வச்சது?

(பலத்த கைதட்டல்)

2018-லே இங்கிலாந்திலே ரெண்டு ஆய்வாளர்கள் ஆட்டக்காரர்கள் 7,000 பேருக்கு மேலே கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. சூதாட்டப் பழக்கம் முத்தினவங்கதான் பெட்டிக்கு அதிகமாச் செலவு பண்றாங்கன்னு அதிலே தெரிஞ்சுது. பெட்டியாலே சூதாட்டப் புத்தி வருதா, சூதாட்டப் புத்தி இருக்கிறவன் பெட்டியைத் தேடி வர்றானான்னு அந்த ஆய்வு முடிவு சொல்லலை. நானும் சொல்ல மாட்டேன். ரெண்டிலே எதுவா இருந்தாலும், அந்தக் காசை வாங்கறவனுக்கு அது பெருமை இல்லை.

தம்பி சட்டப் புத்தகத்தையும் தூக்கிக் காட்டினார். நெதர்லாந்து கதையைச் சொன்னார். உண்மைதான். அங்கே ஒரு கோடி யூரோ அபராதம் போட்டாங்க. 2020-லே கோர்ட்டு சரின்னது. 2022 மார்ச்சிலே மேல்முறையீட்டிலே அபராதம் ரத்து. ‘பொட்டலம் தனி விளையாட்டு இல்லை, பெரிய திறமை விளையாட்டோட ஒரு பகுதி’ன்னு தீர்ப்பு. ஒத்துக்கறேன். ஆனா பக்கத்து நாடு பெல்ஜியத்தை மட்டும் ஏன் தம்பி விட்டுட்டீங்க? பஸ்ஸிலே ஏறினா ரெண்டு மணி நேரத்திலே போயிடலாமே! அங்கே 2018 ஏப்ரல்லே சூதாட்ட ஆணையம் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுன்டர்-ஸ்ட்ரைக் மூணிலேயும் இருக்கிற பெட்டி சட்டவிரோதச் சூதாட்டம்னு சொல்லிடுச்சு. 8 லட்சம் யூரோ வரை அபராதம், அஞ்சு வருஷம் வரை ஜெயில், குழந்தைங்க சம்பந்தப்பட்டா ரெட்டிப்பு. 2019 ஜனவரியோட ஃபிஃபா விளையாட்டுக்காரங்க பெல்ஜியத்திலே காசுக்குப் புள்ளி விக்கிறதை நிறுத்தினாங்க. நான் கொஞ்ச நேரம் முன்னாலே சொன்னேனே, சல்லிக்காசு கேட்காத ‘பால்டர்ஸ் கேட்’, அதைத் தயாரிச்ச லேரியன் நிறுவனம் எந்த ஊர்? அதே பெல்ஜியம்! (சிரிப்பு)

இங்கிலாந்திலே 2019-லே பாராளுமன்றக் குழு விசாரிச்சுது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதிகாரி வந்து, ‘எங்க வீட்டிலே இதுக்கு லூட் பாக்ஸ்னு பேர் இல்லை, இது ஆச்சரிய ஏற்பாடு’ங்கிற மாதிரி சொன்னாங்க. பொம்மை வச்ச சாக்லெட் முட்டையோட ஒப்பிட்டாங்க. நான் அன்னிலேருந்து எங்க வீட்டிலே கரண்ட் பில்லைக்கூட ஆச்சரிய ஏற்பாடுன்னுதான் சொல்றேன். (சிரிப்பு) அந்தக் குழு இதைச் சூதாட்டச் சட்டத்துக்குள்ளே கொண்டு வரணும்னு சொல்லிச்சு. 2022-லே அரசாங்கம் மாட்டேன்னுடுச்சு. ஏன்னா அந்த ஊர்ச் சட்டப்படி, ஜெயிச்சா கிடைக்கிறது பணமாவோ பண மதிப்பு உள்ளதாவோ இருந்தாதான் சூதாட்டம். இதிலே கிடைக்கிற சீட்டை முறைப்படி காசா மாத்த வழியில்லை, அதனாலே சூதாட்டம் இல்லையாம்.

நடுவர் அய்யா, இதை நீங்க யோசிக்கணும். மூணு சீட்டு ஆடறவன் தோத்தா பணம் போகும், ஜெயிச்சாவாவது பணம் வரும். இதிலே தோத்தாலும் பணம் போகும், ஜெயிச்சாலும் பணம் வராது! சூதாட்டத்தை விட மோசமா இருக்கிறதாலே இது சூதாட்டம் இல்லைன்னு ஒரு வாதம்! (நீண்ட கைதட்டல்)

நடுவர்: இந்தக் கணக்கு டீச்சர்கிட்டே நானே படிச்சிருக்கலாம் போலிருக்கே!

படிச்சிருந்தா இவ்வளவு நல்லா சிரிச்சிருக்க மாட்டீங்க அய்யா. (சிரிப்பு)

‘நாம சின்ன வயசிலே பபுள் கம்முக்குள்ளே கிரிக்கெட் வீரர் படம் வாங்கலையா’ன்னு கேட்டாங்க. வாங்கினோம். எங்க அண்ணன் வாங்கித் தின்னு தாடையே வலிச்சுது. ஆனா படம் வரலைன்னாலும் வாயிலே கம் இருந்தது. ஒரே படம் ரெண்டு வந்தா பக்கத்து வீட்டுப் பையன்கிட்டே மாத்திக்கலாம். அந்தப் படம் இன்னிக்கும் எங்க அண்ணன் டிரங்குப் பெட்டியிலே இருக்கு, யாரும் வந்து ‘இந்த வருஷம் இது செல்லாது’ன்னு சொல்லலை. எல்லாத்துக்கும் மேலே, ராத்திரி ஒன்பது மணிக்கு நாடார் கடை மூடிடுவார்! நாலாவது கம் கேட்டா, ‘போடா, உங்கப்பாகிட்டே சொல்றேன்’னு துரத்துவார். இந்தக் கடையிலே துரத்தறவர் யாரு? இங்கே ரூபாய்னுகூடப் பேர் கிடையாதே! படிகம்பான், வைரம்பான், புள்ளிம்பான். படிகத்தைக் கட்டுக்கட்டாத்தான் விப்பான். பெட்டிக்கு வேணுங்கிறதை விடக் கொஞ்சம் மிச்சம் இருக்கும், மிச்சத்தைப் பார்த்து மறுபடி வாங்குவான். சூதாட்ட விடுதியிலேயும் வாசல்லேயே பணத்தை வாங்கிக்கிட்டு வில்லைதான் கொடுப்பாங்க. பணத்தைப் பார்த்தா மனசு வலிக்கும், வில்லையைப் பார்த்தா வலிக்காது.

கடைசியா, ‘பெத்தவங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க’ன்னு கேட்டாங்க. (சற்று நிறுத்தி) கேட்டது நியாயம். அதுக்கு நான் பதில் சொல்லித்தான் ஆகணும், ஏன்னா நானும் பெத்தவ.

எனக்கு ஒரே பையன். பத்தாவதிலே நல்ல மார்க் எடுத்தான். அவங்க மாமா விளையாட்டு மெஷின் வாங்கிக் கொடுத்தார். நாங்க 4,000 ரூபாய் கொடுத்து ஒரு கார் பந்தய விளையாட்டு வாங்கிக் கொடுத்தோம். பேர் வேண்டாம். காசைக் கட்டிட்டோம், இனிமே செலவு இல்லைன்னுதான் நினைச்சேன். ‘அலாரம் வைக்கணும், போன் கொடும்மா’ன்னு ராத்திரி என் போனை எடுத்துக்கிட்டுப் போவான். படிக்கிற பிள்ளை, விடியக்காலம் எழுந்திருக்கட்டும்னு கொடுப்பேன். வீட்டுக்காரர் கார்டுக்கு ரகசிய எண் வர்றது என் போனுக்குத்தான்.

மாசக் கடைசியிலே கார்டு பில் வந்தது. 499, 499, 499... எண்ணிப் பார்த்தேன். 43 வரி. 21,457 ரூபாய். நேரமும் போட்டிருந்தது. ராத்திரி 1.10, 1.14, 1.17, 1.19. நூறு பிள்ளைகளுக்குச் சாத்தியக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவ வீட்டிலே! போனைப் பார்த்தேன், பேங்க்கிலேருந்து வந்த செய்தி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அழிச்சு வச்சிருந்தான். பொய்யே சொல்லத் தெரியாத பிள்ளைங்க அது. எனக்குப் பணம் போனதை விட அந்த அழிச்சு வச்சதுதான்...

(அரங்கம் அமைதி)

கம்பெனிக்கு எழுதினேன். திறந்த பெட்டிக்குப் பணம் திருப்பித் தர இயலாதுன்னு ரெண்டு வரி பதில். அவங்க அப்பா அடிக்கப் போனார். நான் தடுத்துட்டேன். பக்கத்திலே உட்கார வச்சு, ‘43 தடவையாடா?’ன்னு கேட்டேன். ‘ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு நினைச்சேன்மா’ன்னான். அழுதான்.

(மணி அடிக்கிறது)

மணி அடிச்சிட்டீங்க அய்யா, ஒரு நிமிஷம், முடிச்சிடறேன். ‘சரிடா, உனக்கு வேணும்னு நினைச்ச அந்தக் கார் கடைசி வரைக்கும் வரவே இல்லியா?’ன்னு கேட்டேன். ‘வந்துதும்மா, 38-ஆவது பெட்டியிலே’ன்னான். ‘அப்புறம் ஏன்டா அஞ்சு பெட்டி வாங்கினே?’ன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் அவனுக்குப் பதில் தெரியலை, அய்யா. எனக்குத் தெரியும். புறாவுக்கும் தெரியாது.



(நீண்ட கைதட்டல்)